கேள்வி–பதில்: குட்டியைச் சந்தையில் விடலாமா?

பல்லேகம வாசகி: எங்கள் பூனைக்குட்டிக்குக் காதோரம் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வட்டமாக முடி கொட்டிவிட்டது. இப்போது மகளின் முழங்கையிலும் சிவந்த வட்டம். மாமி குட்டியைச் சந்தையில் கொண்டுபோய் விடச் சொல்கிறா. விடவா?

விடாதீர்கள், தங்கச்சி. குட்டி பட்டினி கிடக்கும், வட்டம் வேறொரு வீட்டுப் பிள்ளைக்குப் போகும், உங்கள் மகளின் கையிலிருப்பது அப்படியே இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் படர்தாமரைதான். பூனையில் இதை உண்டாக்குவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பங்கசு. கேனிஸ் என்றால் நாய். பெயர் நாயுடையது, குடியிருப்பு பூனையில். மகளை வைத்தியரிடமும் குட்டியை மிருக வைத்தியரிடமும் ஒரே வாரத்தில் காட்டுங்கள். பிள்ளைக்கு மட்டும் களிம்பு பூசிவிட்டுக் குட்டியைக் கவனிக்காமல் விட்டால், அடுத்த மாதம் திரும்பவும் எனக்கு எழுதுவீர்கள். குட்டி சாகப் போவதில்லை. சுகமான உடம்புள்ள குட்டிக்கு இது மருந்தில்லாமலே சில மாதங்களில் மாறக்கூடும். அதுவரை வீடெல்லாம் வித்துகளைக் கொட்டித் திரியும் என்பதால்தான் மருந்து.

ரத்தோட்ட வாசகர்: டொக்டர் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கு அடித்துப் பார்த்தார். அதில் என்ன தெரியும்?

அது வுட் விளக்கு. அமெரிக்க இயற்பியலாளர் ரொபர்ட் வுட் 1903இல் உருவாக்கிய கண்ணாடி வடிகட்டியிலிருந்து வந்தது. 1925இல் பிரெஞ்சு வைத்தியர்கள் இருவர் அதை முடியில் வளரும் பங்கசைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தினார்கள். மைக்ரோஸ்போரம் கேனிஸ் பிடித்த முடியின் தண்டு, தோலை ஒட்டிய இடத்தில், பச்சை அப்பிள் நிறத்தில் மின்னும். ஒவ்வொரு முடியாக மின்னும், திட்டாக அல்ல. பொடுகு, களிம்பு, துணி நூல் எல்லாமும் மின்னும், ஆனால் அந்தப் பச்சையில் அல்ல. ஆகவே எதையாவது பூசிக்கொண்டு போய் டொக்டரைக் குழப்பாதீர்கள்.

விளக்கில் மின்னாவிட்டால் நோயில்லை என்று அர்த்தமில்லை. மண்ணிலிருந்தும் எலியிலிருந்தும் வரும் வேறு படர்தாமரைப் பங்கசுகள் மின்னுவதில்லை. அவற்றைக் கண்டுபிடிக்க அழகான ஒரு வழி இருக்கிறது: புத்தம் புதிய பல் பிரஷ்ஷை உறையிலிருந்து எடுத்து, பூனையின் உடம்பெல்லாம் வாரி, முடியோடு அப்படியே ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. அங்கே பிரஷ்ஷின் தும்புகளை வளர்ப்புத் தட்டில் குத்தி வைப்பார்கள். முடிவு வர இரண்டு மூன்று கிழமையாகும். பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

இலுக்கும்புர வாசகர்: நாய்க்கு உடம்பெல்லாம் சொறி. கராஜில் கழிவு ஒயில் வாங்கிப் பூசினால் ஒரே நாளில் மாறுமாம். உண்மையா?

தம்பி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். நாய் அதை நக்கும். இயந்திரத்துக்குள் எரிந்து தீய்ந்த எண்ணெய் வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துபோகும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். இன்னொன்று: காது விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கி, இரவெல்லாம் தூங்கவிடாமல் சொறிய வைப்பது அநேகமாகப் பங்கசே அல்ல, கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சி. தோலைச் சற்றே சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எட்டுக் காலோடு தெரியக்கூடும். அதற்கு மருந்தே வேறு. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் முதலில் காட்டுங்கள்.

மாத்தளை வாசகி: மழை தொடங்கினால் எங்கள் நாயின் காது நாறுகிறது. உள்ளே கபில நிற அழுக்கு.

மலசீசியா என்ற மதுவமாக இருக்கலாம். அது வெளியிலிருந்து ஒட்டவில்லை. சுகமான நாயின் தோலிலும் கொஞ்சம் இருக்கும். ஈரமும் எண்ணெய்ப் பசையும் கிடைத்தால் பெருகும். வடகீழ்ப் பருவமழை அடிக்கும் மாதங்களில், தொங்கு காதுள்ள நாய்க்கு ஈரத்துக்கா பஞ்சம்? அழுக்கைக் கண்ணாடியில் ஒற்றிச் சாயமிட்டுப் பார்த்தால், இடை சிறுத்த கச்சான் கோதுகள் சிதறிக் கிடப்பது போலிருக்கும். நாயில் காணும் இனத்தின் பெயர் பக்கிடெர்மாட்டிஸ், அதாவது தடித்த தோலுடையது. 1925இல் அதை முதலில் பிரித்தெடுத்தது ஒரு காண்டாமிருகத்தின் தோலிலிருந்து! அடிக்கடி திரும்பி வந்தால், அடியில் ஒவ்வாமை இருக்கிறதா என்று டொக்டரைக் கேளுங்கள். பஞ்சுக் குச்சியை மட்டும் காதுக்குள் விடாதீர்கள்.

நாவுல வாசகர்: எனக்குத் தந்த படர்தாமரைக் கிரீம் மிச்சம் இருக்கிறது. பூனைக்குப் பூசலாமா?

கூடாது. பல கிரீம்களில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும்; சிவப்பு தணியும், பங்கசு அடியில் செழிக்கும். பூனை அதை நக்கியும் தீர்க்கும். தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. சினைப் பூனைக்குக் கிரிசியோபுல்வின் என்ற பங்கசு மாத்திரை கொடுத்தால் வயிற்றுக் குட்டிகள் ஊனமாகலாம்.

பல்லேகம வாசகர்: பூஞ்சணம் பிடித்த சோளத்தை அவித்து நாய்க்குப் போடலாமா?

அவித்தாலும் பூஞ்சணம் விடும் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் அந்த நஞ்சை உலகம் அறிந்தது. காரணம் பூஞ்சணம் பிடித்த கச்சான் பிண்ணாக்கு. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் செத்ததும் சோளம் கலந்த உணவில் இருந்த அதே நஞ்சோடு தொடர்புபட்டதுதான். அது ஈரலைத் தின்னும். சோளத்தைக் குழி தோண்டிப் புதையுங்கள்.

லக்கல வாசகர்: குளத்தில் குளிக்கும் எங்கள் நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் வருகிறது. இதுவும் பங்கசா?

ஒரு பக்கம் மட்டும் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். கட்டியாகவும் இருக்கலாம், பங்கசாகவும் இருக்கலாம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மூன்றாவதாக ஒன்று உண்டு: ரைனோஸ்போரிடியம். மனிதரில்தான் கூடுதல், நாயில் அரிது. மூக்குக்குள் செம்புற்றுப்பழம் போலச் சதை வளரும். தேங்கிய நீரில் குளிப்பதோடு தொடர்புபடுத்துகிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சரத் அர்சகுலரத்ன இதைப் பல ஆண்டு ஆராய்ந்தவர். நீண்ட காலம் பங்கசு என்றே நம்பியிருந்தார்கள். 1990களின் கடைசியில் மரபணுவைப் பார்த்தபோது, மீன்களைத் தாக்கும் நுண்ணுயிர்களின் உறவு என்று தெரிந்தது. சதையை வெட்டி எடுப்பதே வைத்தியம்.

மாத்தளை வாசகி: படர்தாமரை வந்த குட்டியை எத்தனை மாதம் கூட்டில் அடைக்க வேண்டும்?

மாதக்கணக்கு எதற்கு? உலக மிருகத் தோல் வைத்தியர்கள் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலே, அடைப்பதை முடிந்தவரை குறுக்கச் சொல்கிறது. குட்டி மனிதரோடு பழகும் வயது திரும்பி வராது. கழுவக்கூடிய ஓர் அறை போதும். நீளச் சட்டை போட்டுக்கொண்டு தினமும் தூக்குங்கள், பிறகு கை கழுவுங்கள். முடியைக் கூட்டி அள்ளி, தரையைச் சவர்க்காரத் தண்ணீரால் தேயுங்கள். ப்ளீச் அதற்குப் பிறகுதான். போர்வையை இரண்டு தரம் தோயுங்கள். டொக்டர் கந்தகச் சுண்ணாம்புக் குளிப்பு எழுதினால் பயப்படாதீர்கள். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும், வெள்ளைக் குட்டி மஞ்சளாகத் திரியும். என் வெள்ளைக் கடுவன் அப்படித்தான் திரிந்தான். நாற்றத்தோடேயே என் மடியில் வந்து படுப்பான், நானும் தள்ளிவிடவில்லை.

பல்லேகம வாசகி (அதே கடிதத்தின் பின்பக்கம்): முடி முளைத்தால் மருந்தை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். முடி முளைத்த பிறகும் பங்கசு ஒளிந்திருக்கும். இன்னொரு புதுப் பல் பிரஷ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.