துண்டு போட்ட இடம்

லீட்ஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாம்பார்ப் பொடியும் கடலைமிட்டாயும் வந்து சேர்ந்தன. கடலைமிட்டாயை ஆஸ்பத்திரி வார்டில் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அலர்ஜி பயத்தில் கடலை வகை எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்றுவிட்டார்கள். எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று, நாங்களே தின்று தீர்த்தோம்.

"ஏட்டி, நான் போர்டில் எழுதிப் போட்ட இங்கிலீஷ் பேட்டர்ன் எல்லாம் அந்த ஊரில் செல்லுபடி ஆகுதா?" என்று கேட்டிருந்தீர்கள். செல்லுபடியா? இந்த நாடே அதில்தான் ஓடுகிறது பெரியப்பா. அதிலும் அந்த ஐந்து கட்டம் போட்ட டேபிள் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் இங்கே யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

முதல் கட்டத்தில் 'ஐ', அடுத்து 'ஃபைண்ட்', அப்புறம் 'இட்', நான்காவதில் 'ஈஸி', 'டிஃபிகல்ட்', கடைசியில் 'டு கிளைம்ப் தி ட்ரீ'. மொத்த வகுப்பும் கோரஸாகச் சொல்லிச் சொல்லி மரம் ஏறி இறங்கியது. கரிசல்காட்டில் வேலிக்கருவேலத்தை விட்டால் ஏறுவதற்கு என்ன மரம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. 'இட்' எதுக்கு சார் என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். "எட்டயபுரம் பஸ்ஸிலே ஜன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிக்கான்லா, அந்தத் துண்டுதான் இட். ஆளு மூட்டை முடிச்சோட பின்னால வருவான்" என்றீர்கள். 'டு கிளைம்ப் தி ட்ரீ' என்கிற பெரிய குடும்பம் நடுவில் ஏறினால் வாக்கியத்துக்கு மூச்சுத் திணறும். அதனால் துண்டு முன்னால், குடும்பம் பின்னால். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'மரம் ஏறுவது கஷ்டம்' என்று ஆளையே முதலில் ஏற்றி உட்காரவைத்துவிடுகிறோம்.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. துண்டு போட்டவன் யார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை.

போன வாரம் நைட் டியூட்டி. இந்த யார்க்‌ஷர் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கம். அதில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட பெரியவர்கள் எங்கள் வார்டுக்கு நிறைய வருவார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு மணி வாக்கில் பெல் அடித்தார். போய்ப் பார்த்தால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். உதடு நீலம். விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் அளவு 84 என்கிறது. அவர் என்னைப் பார்த்து, தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு, "ஐ'ம் ஃபைண்டிங் இட் எ பிட் ஆக்வர்ட் டு ப்ரீத், லவ்" என்றார்.

மூச்சு விடுவது கொஞ்சம் அசௌகரியமாக இருக்கிறதாம்! நம் ஊரில் இந்த நிலைமைக்கு இந்நேரம் பத்து சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று டாக்டரின் சட்டையைப் பிடித்திருப்பார்கள். வந்த புதிதில் என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தி சொல்லிக்கொடுத்த பாடம் இது: நான்காவது கட்டத்தில் வார்த்தை எவ்வளவு சின்னதோ, அவ்வளவு வேகமாக ஓடு. 'டெரிபிள்' என்றால் நடந்து போகலாம். 'எ பிட்' என்று காதில் விழுந்தால் செருப்பு கழன்றாலும் நிற்கக் கூடாது. ஓடினேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "ஐ திங்க் இட் வைஸ் டு கெட் எ ப்ளட் காஸ்" என்றார். ரத்தத்தை உடனே எடு, இன்னும் ஏன் நிற்கிறாய் என்று அர்த்தம். பெரியவர் பிழைத்துக்கொண்டார். காலையில் டீ ஆறியிருந்தது என்று மட்டும் புகார் சொன்னார், அதுவும் 'எ பிட்' போட்டு.

(அந்த 'லவ்'வைப் பார்த்துப் பெரியம்மா பயப்பட வேண்டாம். இங்கே பஸ் டிரைவர்கூட எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். உங்கள் மாப்பிள்ளை கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார். பிறகு டிரைவர் அவரையும் 'லவ்' என்றதும் விட்டுவிட்டார்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பேட்டர்னிலேயே பிறந்து வளர்ந்த என் வார்டுக்காரர்களுக்கு 'டு கிளைம்ப்' மாதிரி வருகிற 'இன்ஃபினிட்டிவ்' என்றால் என்ன என்று தெரியாது. அது ஏதோ கார் என்றாள் ஒருத்தி. அவர்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். 2013இல் திடீரென்று ஞானோதயம் வந்து, ஆரம்பப் பள்ளிக் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பரீட்சை வைக்க ஆரம்பித்தார்கள். இப்போது பத்து வயதுப் பிள்ளை 'ஃப்ரண்டட் அட்வெர்பியல்' என்கிறது, அப்பா அம்மா திருதிருவென்று முழிக்கிறார்கள். வீட்டுப்பாடம் புரியாமல் என்னிடம் போட்டோ அனுப்புகிறார்கள். கோவில்பட்டிக்காரி லீட்ஸ்காரர்களுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லித் தருகிறேன், ஃபீஸ் உங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

உங்கள் பரணில் அட்டை கிழிந்து கிடக்குமே, இங்கிலீஷ் படிக்கிறவர்களுக்கான ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, அதற்கு மூலகர்த்தா ஹார்ன்பிகூட இந்தக் கட்டங்களை இங்கிலாந்தில் உட்கார்ந்து போடவில்லை. 1924இல் ஜப்பானுக்கு வாத்தியார் வேலைக்குப் போனவர். இங்கிலீஷ் தானாக வராத பிள்ளைகள் முன்னால் நின்றதால்தான் வினைச்சொற்களை 25 பேட்டர்னாகப் பிரிக்கிற யோசனையே அவருக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த அகராதி முதலில் வெளிவந்ததும் 1942இல் டோக்கியோவில். ஆக்ஸ்ஃபோர்டு போட்டது 1948இல்தான். ஆக, நீங்கள் போர்டில் போட்ட கட்டம் ஜப்பான் வழியாகக் கோவில்பட்டிக்கு வந்த சரக்கு. லீட்ஸுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

பேட்டர்னின் பேர் தெரியாவிட்டால் என்ன, பிரயோகத்தில் ஒருவரும் சளைத்தவர்கள் இல்லை. இந்த ஊர் ராஜா ஒருவர் சிம்மாசனத்தையே இதை வைத்துத்தான் விட்டுவிட்டுப் போனார். எட்டாம் எட்வர்டைத்தான் சொல்கிறேன். முடிசூட்டு விழாகூட நடக்கவில்லை, ஒரு வருஷம்கூட முழுதாக ஆளவில்லை. விவாகரத்தான அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார், மந்திரிசபை ஒப்பவில்லை. 1936 டிசம்பர் 11ஆம் தேதி இரவு விண்ட்சர் கோட்டையிலிருந்து ரேடியோவில் பேசினார். இணையத்தில் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள். நம் ஆள் ஒருவர் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, 'எனக்கு உங்க ராஜ்யமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்' என்று படியிறங்கியிருப்பார். இவர் 'ஐ ஹேவ் ஃபௌண்ட் இட் இம்பாசிபிள் டு கேரி' என்கிறார். பொறுப்பின் பெரும்பாரத்தைச் சுமக்க, ராஜாவாகத் தன் கடமையைச் செய்ய, தான் நேசிக்கும் பெண்ணின் துணை இல்லாமல்... என்று ஒரு கல்யாணக் கோஷ்டியே பின்னால் வந்து ஏறுகிறது. அத்தனை பேருக்கும் இடம் பிடித்து வைத்திருந்தது அந்த ஒரு துண்டு 'இட்'. எனக்கு இஷ்டமில்லை என்று அவர் சொல்லவே இல்லை பாருங்கள். தேடிப் பார்த்ததில் 'இட்' இம்பாசிபிளாக அகப்பட்டதாம், அவ்வளவுதான். அதற்கு அவர் என்ன செய்வார்?

எங்கள் வீட்டிலும் ஒரு சம்பவம் நடந்தது. கோயம்புத்தூர் கிரைண்டரைக் கல்லோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தோமே, அதில் சனிக்கிழமை ராத்திரி டியூட்டி முடிந்து வந்துதான் மாவு ஆட்டுவேன். கீழ்வீட்டு அம்மாள் ஒருநாள் கதவைத் தட்டினார். வானிலை பற்றி, எங்கள் பிள்ளையின் தலைமுடி பற்றி, வாசல் பூச்செடி பற்றி எல்லாம் பேசிவிட்டு, சிரித்த முகமாக, "ஐ டு ஃபைண்ட் இட் எ லிட்டில் ஹார்டு டு கெட் டு ஸ்லீப் ஆன் சாட்டர்டேஸ்" என்றார். உங்கள் மாப்பிள்ளைக்கு மனசு இளகிவிட்டது. வயசானால் அப்படித்தான் என்று தேற்றி, ஜாதிக்காயைப் பாலில் உரசிக் குடித்தால் அடித்துப் போட்ட மாதிரி தூக்கம் வரும் என்று விளக்கி, உள்ளே வந்து இரண்டு ஜாதிக்காய் எடுத்துப் போய்க் கையில் கொடுத்தும்விட்டார். பின்னாலே கிரைண்டர் கடமுடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது! நான் சமையலறையிலிருந்து ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். அந்த அம்மாளின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. அணைத்ததற்கு ஒரு வார்த்தை இல்லை, ஜாதிக்காய்க்குத்தான் 'ஹௌ கைண்ட்'. இப்போது ஞாயிறு பகலில் ஆட்டுகிறேன். கீழே நாலு தோசை போகிறது. அங்கே 'இட்' வெரி ஈஸி டு லைக் என்று தகவல்.

கடைசியாக, சின்ன மாமா சமாசாரம். தீப்பெட்டி ஆபீஸ் ஆரம்பிக்க இரண்டு லட்சம் வேண்டுமாம். லைட்டர் வந்து இருக்கிற ஆபீஸ்களே தடுமாறும்போது இவர் புதிதாக ஒன்று திறக்கப் போகிறார். 'முடியாது மாமா' என்று தமிழில் சொன்னால் அம்மா வீட்டுப் பக்கமே நான் தலைகாட்ட முடியாது; அந்த 'முடியாது'வில் என் முகம் அப்படியே தெரியும். அதனால் நீங்கள்தான் உதவ வேண்டும். அடுத்த தடவை வந்தால் அவரை உட்காரவைத்து, ஒரு டீ கொடுத்து, வகுப்பில் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொல்லுங்கள்: 'ஷி ஃபைண்ட்ஸ் இட் எ லிட்டில் டிஃபிகல்ட் டு சென்ட் தி மணி.' அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. 'அந்த இட் யாரு அத்தான்? நம்பரைக் கொடுங்க, நான் அவன்கிட்டயே பேசிக்கிடுதேன்' என்பார். நைட் டியூட்டிக்குப் போயிருக்கிறான், காலையில்தான் வருவான் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்