உப்பிட்டவரை மண்ணும் நினைக்கும்

விளாத்திகுளத்தில் ஐப்பசி மழை நாலு நாள் பெய்துவிட்டால் போதும், வீட்டைச் சுற்றிப் பச்சை கட்டிவிடும். குப்பைமேனி, சாரணை, நெருஞ்சி, துத்தி, கோரை, கொளுஞ்சி என்று யாரையும் கேட்காமல் குடியேறுகிற கூட்டம். இதைப் பொறுக்க முடியாமல் கடைக்கு ஓடிக் களைக்கொல்லி வாங்கி அடிக்கிற அவசரக்காரர்கள் உண்டு. எங்கள் தெரு அண்ணாச்சி அந்த ரகம் இல்லை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் பேரைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது அவருக்குத் தெரியும். பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மட்டுமே அதை அடிக்கலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்ததும் தெரியும். இவ்வளவும் தெரிந்தவர் சும்மா இருப்பாரா? கொலையை வீட்டிலேயே, இயற்கை முறையில் செய்துகொள்வது என்று தீர்மானித்துவிட்டார். அந்த ஜீவகாருண்யத்தைப் பற்றி நாலு வார்த்தை எழுதாமல் போனால் ஊருக்குத்தான் பாவம்.

மருந்து தயாராவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். காலிப் பெயின்ட் வாளியில் பத்து லிட்டர் தண்ணீர். அதில் கல் உப்பு இரண்டு கிலோ. வேம்பாரும் வைப்பாறும் இதே தாலுகாவில் இருக்கும்போது உப்புக்கு என்ன பஞ்சம்? அதற்கு மேல் ஒரு பாட்டில் வினிகர். கரிசல்காட்டு அடுப்படியில் புளிக்குத்தான் வேலை, வினிகருக்குக் கிடையாது. ஆகவே அதற்காகவே கோவில்பட்டிக்கு பஸ் ஏறுகிறார். கடைசியாக, மருந்து இலையில் வழுக்காமல் ஒட்டுவதற்குப் பாத்திரம் விளக்குகிற சோப்புத் தண்ணீர் கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரு வேப்பங்குச்சியால் கலக்குவார். வேப்பங்குச்சியே பட்ட பிறகு அது இயற்கை இல்லை என்று எவன் வாய் திறப்பான்?

அளவு தன் கற்பனை இல்லை, வேளாண் பல்கலைக்கழகம் சொன்னதாக்கும் என்பார். உண்மைதான். லிட்டருக்கு 200 கிராம் உப்பு, கொஞ்சம் சோப்பு. பயிர் வைக்காத இடத்தில் பார்த்தீனியம் மண்டிக் கிடந்தால் அடிக்கச் சொன்ன அளவு அது. 'பயிர் வைக்காத இடத்தில்' என்ற பகுதி மட்டும் அண்ணாச்சி காதில் ஏறவில்லை. பெரியவர்கள் எப்போதும் சாரத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே நின்று அடித்தார்.

மருந்தின் வேகத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. காலையில் அடித்தால் உச்சி வெயிலுக்குள் இலை தொங்கும், சாயங்காலம் கருகிவிடும். பார்க்கிறவன் வாய் பிளப்பான். ஆனால் சமையல் வினிகரில் நூற்றுக்கு நாலைந்து பங்குதான் அமிலம். அது இலையைச் சுடும், வேரைத் தொடாது. கோரைக்கிழங்கு மண்ணுக்குள் நிம்மதியாக இருந்துவிட்டுப் பிறகு புதுத் தளிர் விடும். இதைக் குறையென்று சொல்லக் கூடாது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்கு வாராவாரம் வேலை தருகிற மருந்து வேறு எங்கே கிடைக்கும்? இப்போது இன்னும் வீரியமான அசிட்டிக் அமிலம் தேடிக்கொண்டிருக்கிறார். அது கண்ணில் தெறித்தால் பார்வை போகும். போனாலும் இயற்கையாகத்தான் போகும்.

கருகிக் கிடந்தவற்றை ஒருநாள் நின்று பார்த்தேன். சாரணை கீரையாகக் கடைந்து தின்பது. குப்பைமேனி சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசுவது. துத்தி மூலத்துக்கு. கொளுஞ்சி காற்றில் இருக்கிற தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். உரக்கடை இல்லாத காலத்தில் சம்சாரிகள் அதைத்தான் மடக்கி உழுதார்கள். அண்ணாச்சி இவற்றின் அருமை தெரியாதவர் இல்லை. வினிகர் வாங்கப் போகிற அதே பஸ்ஸில் திரும்பும்போது, நாட்டு மருந்துக்கடையிலிருந்து குப்பைமேனிப் பொடியும் துத்திப் பொடியும் பாக்கெட்டில் வருகின்றன. வாசலில் சும்மா கிடைப்பதைச் சாகடித்துவிட்டுக் காசு கொடுத்து வாங்கினால்தானே நாலு கடைக்காரன் பிழைப்பான்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்தப் பழமொழிக்குக் கரிசல் மண் அளவுக்கு விசுவாசமாக நடப்பது எதுவும் இல்லை. மணல் தேரி என்றால் நாலு மழையில் உப்பைக் கீழே இறக்கிவிட்டு மறந்துபோகும். கரிசல் மறக்காது. உப்பில் இருக்கிற சோடியம் அதன் களித்துகள்களோடு ஒட்டிக்கொண்டு, அங்கே ஏற்கனவே இருந்த கால்சியத்தை வெளியே தள்ளிவிடும். துகள்கள் உப்பிப் பிரிந்து மண்ணின் கண்ணை எல்லாம் அடைத்துவிடும். பிறகு மழை பெய்தால் மேலே வழுக்குச் சேறு, கீழே ஈரம் இறங்காது. காய்ந்தால் மண்வெட்டி எகிறும், கடப்பாரைதான் கேட்கும். இதைச் சரிசெய்ய ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீர் விட்டு அலசலாம். விளாத்திகுளத்தில் நல்ல தண்ணீர்! குடிக்கிற தண்ணீருக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற ஊரில், மண்ணைக் குளிப்பாட்டலாம் என்று யோசிக்க வைத்ததே அண்ணாச்சியின் சாதனை.

மண்ணில் உப்பிடுகிற இந்த வித்தைக்கு நம் சீமையில் பெரிய பாரம்பரியமும் உண்டு. ஒட்டப்பிடாரம் பக்கம் பாஞ்சாலங்குறிச்சி. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டும் ஆத்திரம் தீராத கும்பெனி, அவர் தம்பி ஊமைத்துரை மறுபடி எழுப்பிய கோட்டையை 1801இல் பிடித்து, இடித்து நிரவி, ஏர் பூட்டி உழுது, ஆமணக்கும் உப்பும் விதைத்தது என்று சொல்லி வருகிறார்கள். இனி ஒருத்தரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்பது எண்ணம். அதற்குக் கும்பெனியின் கர்னல் அக்னியூவுக்குப் பட்டாளமும் பீரங்கியும் வேண்டியிருந்தது. அண்ணாச்சி ஒற்றை ஆளாக, தோளில் ஒரு தெளிப்பானோடு முடித்துவிட்டார். அதுவும் எதிரியின் மண்ணில் இல்லை, வங்கிக் கடன் பாக்கி இருக்கிற தன் சொந்தப் பட்டாவில். இந்தத் தாராளம் கும்பெனிக்கு ஏது?

வீட்டுச் சுவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. அஸ்திவாரத்தை ஒட்டி முளைத்ததற்கு மட்டும் விசேஷமாக ஒரு சொம்பு அதிகம். உப்புத் தண்ணீர் சுவரில் ஏறிப் பூத்து, முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பும் சிமென்டும் பொருபொருவென்று உதிர்கின்றன. உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டால் அது துருவேறி வீங்கிக் காங்கிரீட்டைப் பிளக்கும் என்று கொத்தனார் சொன்னார். சொல்லட்டும். களையை மட்டும் இல்லாமல் காரையையும் உதிர்க்கிற மருந்து வேறு யாரிடம் இருக்கிறது?

எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள் குறுக்கே பேசினாள். "ஏ அய்யா, சோறு வடிச்ச கொதிகஞ்சிய அந்த சிமென்ட் இடுக்குல ஊத்துனா செத்துப்போகும்லா. மத்தத மழை பேஞ்ச மறுநா பிடிச்சு இழுத்தா வேரோட வந்துரும். அதையே முருங்க மூட்டுல போட்டு வை, கீழ ஒண்ணும் மொளைக்காது." கொதிகஞ்சி ஆறினால் மண்ணில் கெடுதலாக எதுவும் மிஞ்சாது. பிடுங்கிய செடி மூடாக்காகி மட்கிவிடும். செலவும் இல்லை. இதில் மருந்து எங்கே, செய்முறை எங்கே, வாளி எங்கே? ஆச்சி படிக்காதவள் என்பதை அண்ணாச்சி பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

இப்போது அந்த இடம் வழித்து விட்ட மாதிரி இருக்கிறது. கறிவேப்பிலை இலையோரம் காய்ந்துவிட்டது. ஒன்று மட்டும் செழிப்பாகத் தளிர்த்திருக்கிறது: சீமைக்கருவேலம். 1870களில் சென்னை மாகாணத்து வனத்துறை விறகுக்கென்று கடல் கடந்து விதை தருவித்தது. உவர் நிலம் என்றால் அதற்குக் கொண்டாட்டம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அடியோடு அகற்றச் சொன்னது. ஊரூராகப் பொக்லைன் ஓடியது. நடுவில் ஒரு தடை உத்தரவும் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மரம் நின்றது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஆனால் அவர்களில் யாரும் அதற்கென்று நிலம் பண்படுத்தியது கிடையாது. போட்டிக்கு இருந்த குப்பைமேனியையும் கொளுஞ்சியையும் அப்புறப்படுத்தி, அதற்குப் பிடித்த உப்பையும் இட்டு, வாசல்வரை வரவேற்றவர் அண்ணாச்சி ஒருவர்தான்.

முழங்கால் உயரக் கன்றைக் காட்டி, "இதுக்கு என்ன அண்ணாச்சி செய்யப் போறீக?" என்றேன்.

குனிந்து முள்ளைத் தொட்டுப் பார்த்தார். "உப்பு பத்தலைய்யா தம்பி. அடுத்த தடவை நாலு கிலோவாக் கரைச்சிருவோம்."