சதுர அங்குலம் ஏழு ரூபாய்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலைக்குப் பழைய இரும்பு வாங்கிப் போடுவது என் உத்தியோகம். லாரி எடைமேடையில் ஏறி இறங்குவதற்குள் அதில் எவ்வளவு துரு, எவ்வளவு மண், எவ்வளவு பொய் என்று சொல்லிவிடுவேன். இந்தத் திமிரோடுதான் ஓவியம் வாங்கி விற்கக் கிளம்பினேன்.

தூண்டியது ஒரு துணுக்குச் செய்தி. 2005-ல் தையப் மேத்தாவின் மகிஷாசுரன் ஓவியம் நியூயார்க் ஏலத்தில் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் போனதாம். நான் அதைப் படித்தது 2017-ல், சலூனில் கிடந்த பழைய வார இதழில். பன்னிரண்டு வருடம் தாமதமாகச் சந்தைக்குள் நுழைகிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பெயர் வாங்கியவர்களின் படத்தைத் தொட முடியாது. பெயர் வராதவர்களிடம் இன்றைக்கு வாங்கிப் போட்டால் நாளைக்குக் காசு என்று கணக்குப் போட்டேன். இளம் ஓவியர் என்றால் அன்று எனக்கு ஒரே அர்த்தம்தான்: உலையில் போடுவதற்கு முந்தைய விலை.

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் ஒரு கண்காட்சி. முதல் நாளே போய்ப் பார்த்தேன், வாங்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பப் போனேன். இது எங்கள் தொழில் வித்தை. பொழுது சாய்ந்த பிறகு சரக்கைத் திருப்பி எடுத்துப் போக வண்டி வாடகை இல்லாதவன் விலையை இறக்குவான். பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தத் தம்பி சுவரிலிருந்து படங்களைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்தான்.

“இது என்ன விலை தம்பி?”

“சதுர அங்குலம் பத்து ரூபா சார்.”

எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. கலை என்றால் ஆன்மா, தரிசனம் என்று ஏதாவது சொல்வார்கள் என்று பயந்துபோயிருந்தேன். எங்களுக்கு டன் கணக்கு, இங்கே அங்குலக் கணக்கு, அவ்வளவுதான். வளர்ந்துவரும் ஓவியர்கள் பலரும் இப்படி அளவு பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. படம் 24-க்கு 36. மொத்தம் 864 சதுர அங்குலம், 8,640 ரூபாய். ஓரத்தில் ஒன்றும் வரையாமல் வெறும் சாம்பல் நிறமாக விட்டிருந்த இடத்தைக் காட்டி, “இதுக்கும் சேர்த்தா காசு?” என்று கேட்டேன். லாரியில் மண் கழிக்கிற பழக்கம். அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். “அது தண்ணி சார்” என்றான்.

6,000 ரூபாய்க்கு முடித்தேன். சதுர அங்குலம் ஏழு ரூபாய்க்கும் ஆறு காசு குறைவு.

படத்தில் ஒரு பெண் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறாள். பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியிருக்கிறாள். இரண்டு கைகளும் தண்ணீருக்குள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை கழிமுகத்தில் இருளர் பெண்கள் கையாலேயே தடவி இறால் பிடிப்பது இப்படித்தான். இருபது வருடமாக அதே பக்கம் ரயிலில் போய்வருகிற நான் இதைப் படத்தில்தான் முதலில் பார்த்தேன். அப்போதும் சரியாகப் பார்க்கவில்லை, அளவைத்தான் பார்த்தேன்.

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி உட்கார்ந்த பிறகுதான் படத்தில் கையெழுத்தே இல்லை என்று கவனித்தேன். ரசீதும் வாங்கவில்லை. லாரி டிரைவரிடம் மூன்று நகல் எடைச்சீட்டு கேட்கிற ஆள் நான். மறுநாள் போன் செய்து அந்தத் தம்பியைப் பொன்னேரி ஸ்டேஷனுக்கு வரச் சொன்னேன். வந்தான். தூரிகை எடுத்து வரவில்லை. வண்டி கிளம்பப் போகிறது என்ற அவசரத்தில் என் சட்டைப் பையிலிருந்த நீலப் பால்பாயின்ட் பேனாவை நீட்டினேன். வலது கீழ் மூலையில், அந்தத் தண்ணீரின் மேல், நீல மையில் ஒரு கையெழுத்து. எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா, “இன்னா சார், கொரியரா?” என்று கேட்டார்.

பிறகு வெறி பிடித்தது. இரண்டு வருடத்தில் பதினொரு படம். ஒரு கேன்வாஸைச் சுருட்டி எடுத்து வரும்போது வண்ணம் பாழாகக் கூடாதே என்று வண்ணப் பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டினேன். வெளியே இருக்கும்படிதான் சுருட்ட வேண்டுமாம். வீட்டில் விரித்தபோது கோடைக்கால ஏரி மாதிரி வெடித்திருந்தது. கரிக்கோட்டுச் சித்திரம் ஒன்றைக் கண்ணாடி போடாமல் கூடத்தில் மாட்டினேன். எங்கள் பேட்டையின் இரும்புத்தூள் அதன்மேல் படிந்து வானம் இருட்டிவிட்டது. துடைத்தேன். வானமே போய்விட்டது. மிச்சத்தைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் பூஞ்சணம் தன் பங்குக்கு வரைந்திருந்தது. “ஏங்க, இதுக்குத் தனியா காசு கேப்பாங்களா?” என்றாள் மனைவி.

விற்பனைக்கு வருவோம். முதலில் எங்கள் எம்.டி.யிடம் பறிப் பெண்ணைக் கொண்டு போனேன். “எதுக்குய்யா வாயில பையைக் கவ்விக்கிட்டு நிக்குது? ஏழு குதிரை ஓடுற மாதிரி இருந்தா சொல்லு, வாஸ்துக்கு நல்லது” என்றார். அதற்கு ஒரு கலை விளக்கம் கொடுக்க வாயெடுத்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடைசியில் 2019-ல், கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் புதிதாக லாட்ஜ் திறந்த ஒருவர் வரவேற்பறைக்கு வாங்கிக்கொண்டார். 7,500 ரூபாய். லாபம் 1,500. சட்டம், கண்ணாடி போட்ட செலவு 1,800. என் கலை வணிக வாழ்க்கையின் ஒரே விற்பனையில் நிகர லாபம் மைனஸ் 300.

நஷ்டப்பட்டவனுக்குத்தான் படிக்கத் தோன்றும். நியூயார்க்கில் ஹெர்பர்ட் வோகல் என்று ஒரு தபால் ஊழியர். மனைவி டோரதி நூலகர். ஒருவர் சம்பளத்தில் சாப்பிட்டு, மற்றவர் சம்பளத்தில் இளம் ஓவியர்களின் படங்களை வாங்கியிருக்கிறார்கள். சின்ன அடுக்கக வீட்டில் நாலாயிரத்துக்கு மேல். அவர்களும் கட்டிலுக்கடியில்தான் வைத்திருந்தார்கள் என்று படித்ததும் ஒரு நிமிஷம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த வரியில் குனிந்தது. அவர்கள் எதையும் லாபத்துக்கு விற்கவில்லை; 1992-ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள்.

என் ஜாதி வேறு. 1958-ல் ராபர்ட் ஸ்கல் என்ற டாக்ஸி நிறுவன முதலாளி 900 டாலருக்கு வாங்கிய, ஓவியர் ரோஷன்பெர்க்கின் படம் 1973 ஏலத்தில் 85,000 டாலருக்குப் போனது. அங்கேயே ஓவியர் அவரைப் பிடித்துச் சண்டை போட்டார். நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 53-ஏ பிரிவு 1994 திருத்தத்தில் வந்தது. மூல ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அந்த விலையில் பங்கு கேட்க ஓவியருக்கு உரிமை உண்டு. பங்கு பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. என் வியாபாரம் அந்தச் சட்டத்தின் கதவைக்கூடத் தட்டவில்லை.

ஓவியரை மறப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1613-ல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளைக் கிழக்கே கொண்டுபோய் மாற்றி மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். டச்சுக்காரர்களின் பெயர் கல்லறைக் கல்லில் இன்றும் இருக்கிறது. துணியில் வரைந்தவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

2025 மார்ச்சில் எம்.எஃப். ஹுசைனின் ‘கிராம் யாத்ரா’ நியூயார்க்கில் நூறு கோடி ரூபாயைத் தாண்டியது. 1954-ல் டெல்லியில் அதை வாங்கிய ஒரு மருத்துவர் நார்வேக்கு எடுத்துப் போய், ஆஸ்லோ மருத்துவமனைக்கே விட்டுவிட்டாராம். செய்தியைப் படித்த சூட்டில் பழவேற்காட்டுத் தம்பிக்கு 500 ரூபாய் ஜிபே செய்தேன். பாவமன்னிப்புக்குக்கூடச் சில்லறைதான். அரை மணியில் பணம் திரும்பி வந்தது. பின்னாலேயே போன்.

“காசு வேணாம் சார். அந்தத் தொடர்ல ஏழு படம். ஏழையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கணும். ஆறு எங்க இருக்குன்னு தெரியும். உங்களுது எங்க இருக்கு?”

லாட்ஜுக்கு ஓடினேன். லாட்ஜே கைமாறிவிட்டது. படம் இருந்த இடத்தில் டி.வி. “பழசையெல்லாம் காயலான் கடை வண்டியில போட்டோம். அந்த ஃபிரேமுக்கு நல்ல காசு கொடுத்தான் சார்” என்றார் மேனேஜர். எந்த லாரி எந்தத் தேதியில் எத்தனை கிலோ இறக்கியது என்று ஏழு வருடத்துக் கணக்கை நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பவன், ஒரே ஒரு படம் எங்கே போனது என்று எழுதி வைக்கவில்லை. நான்கு காயலான் கடை ஏறி இறங்கிவிட்டேன். இரும்பு நிறையக் கிடைத்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி வட்டாரத்தில் யார் வீட்டுச் சுவரிலாவது இரண்டடிக்கு மூன்றடியில், பல்லில் பறியைக் கவ்விய ஒரு பெண் தண்ணீரில் நிற்கிறாளா பாருங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன். ஒரு போட்டோவும் முகவரியும் போதும். வலது கீழ் மூலையில் நீலப் பால்பாயின்ட் கையெழுத்து இருக்கும். பேனா என்னுடையது.