‘ஏன் வைக்கக் கூடாது?’: பந்தயக் கார் வடிவமைப்பில் திண்ணைப் பொறியியல்

பந்தயக் கார் வடிவமைப்போர் இரு வகைப்படுவர்: சம்பளம் வாங்குவோர், வாங்காதோர். முன்னவரைப் பற்றி நூல்கள் நிறைய. பின்னவரைக் கல்வியுலகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

மூல ஆவணங்கள், நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்கள். அங்கே காணப்படும் கார்களின் பொது இயல்புகள் வருமாறு: இறக்கை மிகப் பெரியது, ரேடியேட்டர் கிடையாது, பெட்ரோல் டேங்க் கிடையாது, ஓட்டுநருக்குத் தலை உண்டு, கால் இல்லை. சம்பளக்காரர் தலையைப் பிய்த்துக்கொள்வதோ அந்தக் காலை எங்கே நீட்டவைப்பது என்றுதான்.

திண்ணைப் பொறியியலின் மூலச் சூத்திரம் ‘ஏன் வைக்கக் கூடாது?’ என்பது. நாலு சக்கரம் இவ்வளவு பிடிப்புத் தருமானால் ஆறு ஏன் வைக்கக் கூடாது? சிரிப்பவர்கள் டெரெக் கார்ட்னரைப் பார்த்துச் சிரிக்கட்டும். 1976இல் அவர் வடிவமைத்த டிரெல் பி34 பந்தயத்தில் இறங்கியபோது அதற்கு முன்பக்கம் மட்டும் நாலு சக்கரம், ஒவ்வொன்றும் 10 அங்குலம். சின்னச் சக்கரம் முன் இறக்கைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்ளும், காற்றுத் தடை குறையும் என்பது கணக்கு. பின் சக்கரங்கள் பழைய பருமனிலேயே நின்று காற்றை மறித்ததால் அந்த லாபம் பெரிதாகக் கைக்கு வரவில்லை. ஆனால் நாலு முன் டயரின் பிடியும் நாலு பிரேக்கும் கைகொடுத்தன. அவ்வாண்டு சுவீடன் கிராண்ட் பிரியில் ஜோடி ஷெக்டர் முதலிடம், பத்ரிக் தெபாய்யே இரண்டாமிடம். இருவர் ஓட்டியதும் ஆறு சக்கர வண்டிதான்.

உள்ளே உட்கார்ந்தவருக்கு அந்தக் குட்டிச் சக்கரங்கள் தெரியாது என்பதால், காக்பிட்டின் பக்கவாட்டில் கண்ணாடி போன்ற ஒரு சிறு சன்னல் வைத்தார்கள். நான் பார்த்த கடைசிப் பக்கம் எதிலும் இந்தச் சன்னல் இல்லை. திண்ணைக்கும் பட்டறைக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அந்தச் சன்னல் அளவுதான்.

பிறகு டயர் வந்து கழுத்தை அறுத்தது. 10 அங்குல டயர் வேறு எந்த அணிக்கும் வேண்டாம். எல்லோரும் வாங்கும் டயரை கூட்இயர் மெருகேற்றிக்கொண்டே போனது. குட்டி டயர் பின்தங்கிவிட்டது. 1977 முடிந்ததும் ஆறு சக்கரம் ஓய்வு பெற்றது.

அடுத்த கேள்வி: அடியில் உள்ள காற்றை உறிஞ்சிக் காரைத் தரையோடு ஒட்டவைக்க ஒரு விசிறி ஏன் வைக்கக் கூடாது? அமெரிக்காவில் ஜிம் ஹால் 1970இலேயே வைத்தார். அவருடைய சாப்பரல் 2ஜேயில் இரண்டு விசிறி, அவற்றைச் சுழற்றத் தனியே ஒரு சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். தடை செய்தார்கள். 1978இல் கோர்டன் மரே பிராபம் பிடி46பியில் ஒரே ஒரு விசிறி வைத்துவிட்டு, அது ரேடியேட்டரைக் குளிர்விக்கத்தான் என்றார். வண்டி நிற்கும்போது விசிறியைக் குப்பைத் தொட்டி மூடியால் மறைத்தும் வைத்தார்கள். மறுபடியும் சுவீடனில் நிக்கி லாடா வென்றார். அதோடு அந்த விசிறி வீட்டுக்குப் போனது. ரேடியேட்டர் வரையாத திண்ணைப் பொறியாளருக்கு இப்படி ஒரு சாக்கு வாய்க்குமா?

இறக்கையைப் பெரிதாக்கும் நோய் சம்பளக்காரரையும் விட்டுவைக்கவில்லை. 1969 ஸ்பெயின் பந்தயத்தில் மெல்லிய கால்களின் மேல் உயர்ந்து நின்ற லோட்டஸ் இறக்கைகள் முறிய, கிரஹாம் ஹில், யோகென் ரிண்ட் இருவருமே மோதினார்கள். உயர்ந்த இறக்கைக்கு அடுத்த பந்தயத்திலேயே தடை வந்தது.

ஆக, இவ்வாய்வு கண்ட முடிவு சற்றே சங்கடமானது. திண்ணை யோசனை மூடத்தனமாக இருப்பது அரிது; யாரோ முன்பே செய்து, வென்றோ உடைத்தோ, தடையும் வாங்கிக்கொடுத்துப் போயிருப்பார். 1983 முதல் ஃபார்முலா ஒன்றில் நாலு சக்கரத்துக்கு மேல் கூடாது, நாலையும் எஞ்சின் சுழற்றவும் கூடாது. இதை எடுத்துச் சொன்னபோது ஆய்வுக்கு உதவிய அன்பர் ஒருவர் நோட்டைப் புரட்டி, வேறொரு பக்கத்தைக் காட்டினார். “சரி, நாலே இருக்கட்டும். நாலும் ஒரே வரிசையில் இருந்தால்?”