வலைகொடுத்த வள்ளல்

மேல்வீட்டு அண்ணாவின் கொடைக்கு முன்னால் பாரி எம்மாத்திரம்? முல்லைக்குத் தேர் ஈந்தவன் ஒரே ஒரு முறைதான் ஈந்தான். அண்ணா தம் பூனை கீறிக் கிழிக்க ஆண்டுக்கு மூன்று ஜன்னல் வலை ஈகிறார். எப்போதும் அதே மெல்லிய ஃபைபர்கிளாஸ் கொசுவலைதான். பிவிசி பூசிய தடித்த பாலியெஸ்டர் இழையில், நாய் பூனை உள்ள வீட்டுக்கென்றே நெய்த வலையைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். 304 ரக ஸ்டீல் வலையையும் விரித்துப் போட்டார். விலை கொஞ்சம் கூட என்றதும் அண்ணா அசையவில்லை. மூன்று மலிவு வலையின் காசைக் கூட்டிப் பார்க்கும் சின்னப் புத்தி அவருக்கு இல்லை.

கைத்திறனும் உண்டு. பூனையைத் தடுக்க, யுபிவிசி ஜன்னல் சட்டத்தைத் துளைத்துத் தகரப்பட்டி அடித்தார். அந்தச் சட்டம் உள்ளே குழல் குழலாக வெற்றிடம் கொண்டது. மழைநீர் வெளியேற வழி வைத்தே செய்திருப்பார்கள். அண்ணா புண்ணியத்தில் இப்போது நீர் உள்ளே போகவும் வழி பிறந்திருக்கிறது. ஆணியே இல்லாமல் இருபுறமும் அழுந்தி நிற்கும் ஸ்பிரிங் கம்பியில் தடுப்புச் சட்டம் நிறுத்தலாம். கீழ்ப்பாதிக்கு மட்டும் அக்ரிலிக் தகடு வைக்கலாம். காலி செய்யும் நாளில் கழற்றிக்கொண்டு போய்விடலாம். அப்படிச் சுவடில்லாமல் போகிறவர்களை யார் நினைப்பார்கள்? அண்ணாவை வீட்டுக்காரர் மறக்கவே மாட்டார்.

பூனையின் மனமறிந்து நடப்பதிலும் குறையில்லை. ஜன்னலடியில் சோபா போட்டு ஏறுவதற்குப் படி அமைத்துக் கொடுத்திருக்கிறார். பூனை கீறுவது குறும்பால் அல்ல. நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதத்தின் மணத்தைப் பதித்து இது என் இடம் என்று சொல்லவும்தான். அதற்கென்றே சணல்கயிறு சுற்றிய தூண் ஒன்றும் வாங்கினார். அது பரணில், பிளாஸ்டிக் உறை பிரியாமல், புதுமெருகு குலையாமல் இருக்கிறது. ஔவை கண்ட தொண்டைமானின் படைக்கலக் கொட்டில் தோற்றது. ஜன்னல் வலையோ அதியமானின் வேல். முனை முறிந்து, நாளும் போர் கண்டு நிற்கிறது.

மன உறுதியைச் சொல்லாமல் விடலாமா? 1984-இல் நியூயார்க்கின் ஒரு கால்நடை மருத்துவமனைக்கு, மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் ஐந்தே மாதத்தில் வந்து சேர்ந்தன. நெஞ்சிலும் தாடையிலும் கால்களிலும் அடிபட்டு வந்தவை. 1987-இல் மருத்துவர்கள் அதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். நான் இதைச் சொன்னபோது அண்ணா துளியும் கலங்கவில்லை. “நம்ம வலை இருக்கே தம்பி” என்றார்.

அந்த வலை ஓரத்தில் ஒட்டிய வெல்க்ரோ பட்டியில் நிற்கிறது. ஒரு கொசுவைத் தடுக்க அது போதும்.

அண்ணாவின் வேலைப்பாட்டை ஊரில் யார் நம்பினார்களோ தெரியாது. பூனை முழுதாக நம்புகிறது. மாலையானால் சோபாவின் முதுகில் ஏறி, மூன்றாம் மாடி ஜன்னலில், அந்த வலைமேல் தன் நாலு கிலோ உடம்பையும் சாய்த்துக்கொண்டு புறாக்களைப் பார்க்கிறது. கீழே நின்று பார்க்கும் எனக்குத்தான் கை தானாக நீள்கிறது, ஏந்திக்கொள்ள.