மின்விசிறி இல்லாத வீடு

அல்சூரில் என் சித்தப்பா கட்டிய வீட்டின் கூரையில் மின்விசிறி மாட்டக் கொக்கி கிடையாது. கான்கிரீட் போடும்போது மேஸ்திரி கேட்டாராம், வேண்டாம் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். எழுபதுகளின் பெங்களூரில் அப்படிச் சொன்னவர்கள் ஏராளம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். தெருவுக்கு இரு பக்கமும் மழைமரங்கள். மே மாதத்திலும் நாலு மணிக்கு மேகம் கூடி ஒரு மழை கொட்டிவிட்டுப் போகும். சாயங்காலம் ஏரிக்கரைக்குக் கிளம்பினால், “ஸ்வெட்டரை எடுத்துக்கங்க” என்று சித்தி வாசலிலேயே நிறுத்துவாள். மெட்ராஸில் ஸ்வெட்டர் என்றால் பெட்டியடியில் அந்துருண்டையோடு கிடக்கிற சாமான். எங்களுக்கு அது பெங்களூர்த் துணி.

நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். ஒரு கூடம், ஒரு அறை, புகைபோக்கி அடைத்துப்போன சமையல்கட்டு. கத்திரி வெயிலில் ராத்திரி மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, தரை ஆவி அடங்கக் காத்திருந்து பாய் விரிப்போம். பரீட்சை முடிந்ததும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். 1964-இல் விடப்பட்ட அந்த ரயில்தான் எங்களைப் போன்ற குடும்பங்களின் கோடைக்காலக் கதவு. ஜோலார்பேட்டை தாண்டியதும் வண்டி மேடேறத் தொடங்கும். குப்பம் வருவதற்குள் ஜன்னல் காற்று மாறிவிடும். அப்பா சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அந்தக் கை அசைவைப் பார்த்ததும் எங்களுக்கு விடுமுறை வந்துவிட்டது என்று அர்த்தம்.

மத்திய அரசில் அன்றைக்கு ஓய்வு வயது 58. எண்பதுகளின் நடுவில் அப்பா ஓய்வுபெற்றபோது சித்தப்பாவிடமிருந்து நீளமாக ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. ஊருக்கு வெளியே முப்பதுக்கு நாற்பது சைட் இன்னும் அண்ணன் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது, ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் தன்னோடு வேலை பார்க்கிற தமிழர்கள் பாதிப்பேர் அங்கேதான் வாங்குகிறார்கள், மூச்சிரைப்புக்கும் நல்லது, வந்துவிடுங்கள். பென்ஷன்காரர்களின் சொர்க்கம் என்று பெங்களூருக்குப் பெயர் இருந்த காலம். பிராவிடண்ட் பண்ட் தொகையை வைத்துக்கொண்டு அப்பா ஒரு மாதம் யோசித்தார். அம்மாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை.

“கடல் காத்து வராத ஊர்ல நான் என்னங்க பண்ணுவேன்?”

அப்பா எழுதிய பதிலை நான்தான் தபாலில் சேர்த்தேன். “வெயில் ரெண்டு மாசம்தான் தம்பி, அக்கம்பக்கம் வருஷம் பூரா வேணும்” என்பது அதில் ஒரு வரி. அந்தக் கணக்கு அன்றைக்குச் சரியாகவே இருந்தது. அப்பாவுக்கு நெஞ்சு வலித்த ராத்திரி, பக்கத்துக் குடித்தனத்து ராவுத்தர் மாமாதான் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். 1991-இல் காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் கலவரம் வெடித்தபோது சித்தப்பா வீட்டார் விளக்கணைத்து உள்ளே கிடந்தார்கள். தன் முடிவு சரி என்று அப்பா அதைக் காட்டிப் பேசியதே இல்லை. டிரங்க் கால் கிடைக்கும்வரை தந்தி ஆபீசில் நின்றார்.

இப்போது அதே கேள்வி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. வெயில் காலத்தில் உடம்பு நீர் வற்றக் கூடாது, ராத்திரித் தூக்கம் கெடக் கூடாது என்கிறார் மருத்துவர். சென்னையில் அந்த இரண்டாவதுதான் கடினம். பகல் வெப்பம் செய்தியில் வரும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை இன்றும் சொல்வார்கள். ஆனால் வயதானவர்களை வதைப்பது ராத்திரி. கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வேர்வை ஆறினால்தானே உடம்பு குளிரும், ஆறுவதற்கு அந்தக் காற்றில் இடமில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த சுவர்கள் விடியும்வரை அதை வீட்டுக்குள் விடுகின்றன. மேற்குக் காற்று ஓங்கி வீசும் நாளில் கடல் காற்று பிற்பகல்வரை கரையேறாது; ஏறினாலும் எங்கள் தெருவரை வருவதற்குள் எத்தனையோ அடுக்குமாடிகள். அப்பா சொன்ன ரெண்டு மாதம் இப்போது மார்ச்சில் தொடங்கி, மழை வரும்வரை இழுக்கிறது. ஏ.சி. ஓடினால் மின்கட்டணம் பென்ஷனைத் தின்கிறது. வாடகை தனி.

“ஓசூர்ல பாருங்கம்மா” என்றாள் மகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. எல்லைச் சோதனைச்சாவடி தாண்டினால் ஓசூர், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அது தவிர, தமிழ்நாட்டு ரேஷன் கார்டு, தமிழ்நாட்டுப் பத்திரப்பதிவு. பெங்களூர் விலை கேட்டு மலைத்தவர்கள் அந்தப் பக்கம் திரும்புவது இயல்பு.

முடிவெடுக்கும் முன் சித்தப்பா மகனிடம் பேசினேன். அவன் குரல் இன்னும் என் மனசில் இருக்கிறது.

“அக்கா, அந்த வீட்டை இடிச்சு ஃபிளாட் ஆக்கியாச்சு. நாலு ரூம்லயும் ஏ.சி. போன மார்ச்ல போர் வத்திப் போய் லாரித் தண்ணி வாங்கினோம். நாங்களே ஏற்காட்டுப் பக்கம் ஏதாவது கிடைக்குமான்னு பாத்துட்டிருக்கோம்.”

அவன் சொன்னது 2024. ஆழ்குழாய்க் கிணறுகள் வற்றிய அந்தக் கோடையில், ஏப்ரல் இறுதியில், பெங்களூரில் 38.5 டிகிரி பதிவானது. 2016 ஏப்ரலில் 39.2. உயரம் அப்படியேதான் இருக்கிறது. அது தருகிற ஆறு டிகிரியை யாரும் எடுத்துப்போகவில்லை. எடுத்துப்போனது மற்றவற்றை. மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியின் படுகையில் எழுந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் இருப்பது சம்பங்கி ஏரியில். ஏரி போனால் மழைநீர் நிலத்தில் இறங்க வழியில்லை. மரம் போனால் சாலை கொதிக்கிறது. குடிக்கிற காவிரித் தண்ணீரை 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் மேலே இறைத்துக் கொண்டுவர வேண்டும். குளிர்ச்சியைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் வீடு கட்டினார்கள், அவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு நகரத்தைத் திட்டமிடும் பொறுப்பு ஐ.டி.ஐ. தொழிலாளிக்கு எப்படி இருக்கும்? ஏரியைத் தூர்த்து மனை போட அனுமதித்தவர்கள்மேல் கோபம் இருக்கிறது. அது ஆறவில்லை.

சென்னையும் அந்த வரிசையில்தான். 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் கோடைக்குக் குளிர்காற்று தொடங்கிய அதே ஸ்டேஷன். 2015-இல் ஆற்றுநீர் வீட்டுக்குள் வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெயிலுக்காக மட்டும் ஊர் மாறுவதாக நினைக்கிறோம். உண்மையில் தண்ணீரைக் கண்டுதான் ஓடுகிறோம், அதன் குறைவையும் மிகுதியையும்.

ஏப்ரலிலேயே ஓசூர் போனோம். ஜனவரியில் பார்த்தால் எந்த மேட்டு ஊரும் பிடித்துவிடும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான். எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகே ஊர் பெருத்தது. அதுவரை இங்கே காய்கறியும் பூவும். இப்போதும் ஓசூர் ரோஜா வெளியூர் போகிறது. பூக்காரம்மா தெலுங்கில் முழம் எண்ணி, கன்னடத்தில் பேரனை அதட்டி, எங்களுக்குத் தமிழில் விலை சொன்னார். சிறு வயதில் அல்சூரில் கேட்ட கலவை அது. விடிகாலை ராமநாயக்கன் ஏரிக்கரையில் கணவர் நடந்தார். சென்னையில் தெருமுனைக்குள் இரண்டு இடத்தில் நிற்பவர், அங்கே எங்கும் உட்காரவில்லை. அந்த நடையைப் பார்த்தபோதே மனசளவில் பாதிப் பெட்டி கட்டிவிட்டேன்.

பிறகு வீடு பார்க்கப் போனோம். தக்காளித் தோட்டமாக இருந்த நிலத்தில் ஐந்து மாடி. “இந்த ஊருக்கு ஃபேனே வேணாம்மா” என்றார் காட்டிய தரகர். படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஏ.சி.க்கான மின்இணைப்பு தயாராக இருந்தது. மேற்குப் பார்த்த சுவர் முழுதும் கண்ணாடி. வளாகத்தில் நிழல் தருகிற மரம் ஒன்றும் இல்லை, தொட்டியில் அழகுச் செடிகள். தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். போர் என்றார், ஆழம் கேட்டதற்கு ஆயிரம் அடிக்கு மேல் என்றார். இந்த வட்டாரத்தின் ஆழ்கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தக் குழாய் இந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

மறுநாள் கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்துகொண்டு அங்கே வருகிறது. மதகு திறந்தால் நுரை மலைபோல் எழும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். கரையில் நின்ற விவசாயி, “இந்தத் தண்ணியிலதாங்க எங்க பயிரு” என்றார். சித்தப்பா வீட்டுச் சோப்புத் தண்ணீர் எங்கே போகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. இப்போது நாங்கள் குடியேற நினைக்கிற ஊருக்குத்தான் அது வந்து சேர்கிறது.

இதனால் ஓசூர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஊரை இன்னும் காப்பாற்றலாம் என்பதாலேயே இவ்வளவு சொல்கிறேன். 2019-இல்தான் மாநகராட்சி ஆனது. ஏரிகள் முற்றிலும் கைவிட்டுப் போகவில்லை. ஒரு கரையைச் சாலை தின்றுவிடும்முன் எல்லைக்கல் நட்டால் போதும், வருகிற கட்டடங்களுக்கு மரம் ஒரு நிபந்தனை ஆனால் போதும், எல்லைக்கு இரு பக்க அரசுகளும் அந்த ஆற்றைச் சுத்திகரித்தால் போதும். முப்பதாண்டு கழித்து என் பேத்தி வேறு மேட்டைத் தேடி ஓட வேண்டியிருக்காது.

வீட்டு விலையைப் பற்றி எங்கள் நிலை தெளிவாகிவிட்டது. சென்னை விலையோடு வைத்துப் பார்த்தால் குறைவுதான். ஆனால் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம் முதலிலேயே போய்விடும். எங்கள் வயதில் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. சேமிப்பு முழுவதையும் ஒரு சுவருக்குள் வைத்துவிட்டால், ராத்திரி ஆம்புலன்ஸ் கூப்பிடும்போது கையில் பணம் இருக்காது. லாரித் தண்ணீர், ஜெனரேட்டர் டீசல், லிஃப்ட் பராமரிப்பு என்று மாதாமாதம் போவதையும் சேர்த்தால், மலிவு என்று நாம் சொல்வதில் பாதி கரைந்துவிடுகிறது.

“அப்ப போறமா, இல்லையா?” என்று கணவர் கேட்டார்.

போகிறோம், வாடகைக்கு. அங்கே போக்கியத்துக்கும் வீடு கிடைக்கும், ஆனால் மொத்தப் பணத்தையும் ஒருவரிடம் கொடுக்க எனக்குத் துணிவில்லை. பதினோரு மாத ஒப்பந்தம், மார்ச் தொடக்கத்திலிருந்து. நான் கேட்டது மூன்று: தரைத்தளம் அல்லது முதல் மாடி, மேற்கே ஒரு புங்கமோ வேம்போ, நடக்கிற தொலைவில் மருத்துவமனை. மூன்றும் இருக்கிற ஒரு பழைய வீட்டை மகள் பார்த்துவைத்திருக்கிறாள். மேல்மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, “ராத்திரி எப்ப வேணா கதவைத் தட்டுங்க” என்று நாங்கள் கேட்காமலே சொன்னார். அவருடைய எண்ணைக் கணவரின் கைபேசியில் முதலில் சேமித்தோம். ஏப்ரல், மே போகட்டும், ஐப்பசி மழையில் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்றும் பார்ப்போம். வில்லங்கச் சான்று கேட்டு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகுதான்.