லிற்றரேச்சர் சேர்

மட்டக்களப்பில் ஆங்கிலம் படிப்பிக்கும் எவரும் இங்கிலிஷ் சேர்தான். ஆனால் லிற்றரேச்சர் சேர் தனிப்பிறவி. இங்கிலிஷ் சேர் இறந்தகாலத்தையும் எதிர்காலத்தையும் ஒன்றரை மணிக்குப் பாடசாலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். லிற்றரேச்சர் சேருக்கு அது முடியாது. கல்லடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கும்போதும் அவர் உரோமாபுரியில்தான் இருப்பார். சட்டைப்பையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு பேனை. கையில் பழைய கலண்டர்த் தாளால் உறை போட்ட ‘யூலியஸ் சீசர்’. உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கோடுகள்: பரீட்சைக்கு வந்துபோன பகுதிக்குச் சிவப்பு, வரக்கூடியதற்கு நீலம், வரவே வராததற்குப் பென்சில். கத்திக்குத்து வாங்கிய சீசர் புரூட்டஸைப் பார்த்துச் சொல்லும் அந்த மூன்று இலத்தீன் சொற்கள் அவருக்கு அன்றாடப் பாவனைக்கு உரியவை. சந்தையில் பழைய மாணவன் கணவாய் விலையைக் கூட்டிச் சொன்னால், முதலில் அந்த மூன்று சொல், பிறகுதான் காசு.

இவரைப் பகிடி பண்ணுகிறவர்கள் முதலில் பிடிப்பது அவருடைய நோட்ஸை. புரூட்டஸின் குணங்கள் பத்து, காசியஸின் குணங்கள் எட்டு என்று இலக்கமிட்டுச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். காசியஸுக்கு ஏன் இரண்டு குறைந்தது என்றால், அன்றைக்கு மணி அடித்துவிட்டது, அவ்வளவுதான். இப்படிப் பாடமாக்க வைப்பது இலக்கியத்தைக் கொல்வது என்று கொழும்பில் கருத்தரங்கு வைப்பவர்கள் சொல்வார்கள். அந்தக் கட்சியில் நான் சேரமாட்டேன். வாவியின் இரு கரையிலும் கூத்து வளர்ந்தது பாடமாக்கித்தான். அண்ணாவியார் சட்டம் கொடுப்பார். மத்தளத்தோடு வரிவரியாகச் சொல்லிக் கொடுப்பார். பகலில் வயலுக்கும் வலைக்கும் போனவர்கள் இரவில் மாதக்கணக்காகப் பழகி, களரியேறி விடிய விடிய ஆடுவார்கள். வடமோடிக் கூத்தில் கர்ணனாக வந்தவரிடம் போய், விளங்கி ஆடினீரா, பாடமாக்கி ஆடினீரா என்று கேட்டால் நமக்குத்தான் வெட்கம். வாய்க்குள் வரி ஏறினால் ஆடுகிறபோது பொருள் தானாக இறங்கும். லிற்றரேச்சர் சேர் அரை அண்ணாவியார். குறை மற்றப் பாதியில் இருக்கிறது. அண்ணாவியார் கட்டியகாரனுக்கும் சேவகனுக்கும்கூடச் சட்டம் கொடுப்பார். நமது சேர் சீசர், புரூட்டஸ், காசியஸ், அன்ரனி என்ற நாலு பேரோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த நாடகத்தையே தூக்கிச் சுமக்கிற கூட்டத்துக்கு அவருடைய வகுப்பில் வேடமே இல்லை.

ஐந்து அங்க நாடகத்தில் சீசர் மூன்றாம் அங்கத்தின் முதற்காட்சியிலேயே செத்துப்போகிறான். மிச்ச நாடகம் கூட்டத்தால் நடப்பது. புரூட்டஸ் நியாயம் பேசி இறங்கியதும், சீசரைக் கொன்றவனுக்கே சீசர் பட்டம் சூட்டத் தயாராகிறது அந்தக் கூட்டம். கொன்றதற்குச் சொன்ன காரணமே பட்ட ஆசைதான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அடுத்து அன்ரனி ஏறுகிறான், உயிலைக் காட்டுகிறான், ஆளுக்கு 75 திராக்மா, ஆற்றங்கரைத் தோட்டம் எல்லாம் ஊருக்கு என்கிறான், அதே கூட்டம் கொள்ளிக்கட்டையோடு ஓடுகிறது. இந்த இடம்வரை சேரின் சிவப்புக் கோடு கூடவே வரும். இதற்குப் பிறகு வருவதெல்லாம் பென்சில். சின்னா என்ற கவிஞனைக் கூட்டம் வழிமறித்துப் பெயர் கேட்கிறது. அதே பெயரில் ஒரு சதிகாரன் இருந்தது அவன் விதி. ஆள் மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் விடவில்லை; மோசமான கவிதை எழுதியதைக் குற்றமாக்கிப் பிய்த்தெறிகிறார்கள். அடுத்த காட்சியில் மூன்று தலைவர்கள் மேசையைச் சுற்றி இருந்து சாகவேண்டியவர்களின் பெயருக்குப் புள்ளி வைக்கிறார்கள். ஒருவன் அண்ணனைக் கொடுக்கிறான், மற்றவன் மருமகனைக் கொடுக்கிறான். கையோடு உயிலை எடுத்துவரச் சொல்லி, சனத்துக்குக் கொடுப்பதில் எதை வெட்டலாம் என்றும் பார்க்கிறார்கள். தேர்தல் விஞ்ஞாபனம் வாசித்துப் பழகிய நாட்டில் இதற்கு நோட்ஸ் வேண்டியதில்லை. சேரோ பக்கத்தைப் புரட்டியபடி, “இது வராது மனே, மறுகாப் பாப்பம்” என்பார். அந்த ‘மறுகா’ அவர் பென்சன் எடுக்கும்வரை வராது.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பரீட்சை கேட்பது யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது என்பதை. பொலிசில் வாக்குமூலம் கொடுப்பதுபோல. படுவான்கரையிலிருந்து தோணி ஏறி ரியூசனுக்கு வரும் பிள்ளைக்கு முதலில் மார்க்ஸ் வேண்டும். கூட்டத்தின் உளவியல் கம்பஸுக்குப் போன பிறகும் படிக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, அதை அவர் வாயால் சொல்லமாட்டார். பெயர் கேட்டு மறிப்பதும், பட்டியலில் புள்ளி வைப்பதும் இந்த ஊரில் பாடப்புத்தகத்துக்கு வெளியே நடந்துகொண்டிருந்த காலத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் படிப்பிக்க எந்த ஆசிரியரால் முடியும்? புரூட்டஸ் நல்லவனா கெட்டவனா என்று கேட்ட பிள்ளைக்கு, “ரெண்டையும் எழுது, முழு மார்க்ஸ்” என்றாரே, அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு அது ஞானம். ஆனால் யுத்தம் முடிந்தது 2009இல். பென்சில் கோட்டை அழிக்க அதற்குப் பிறகும் ஏன் கை வரவில்லை என்பதுதான் என் வழக்கு.

வெள்ளைக்காரனின் நாடகம் நம் பிள்ளைக்கு ஒட்டாது என்று இன்னொரு கட்சி சொல்லும். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஆல்ற் இங்கே பள்ளி தொடங்கியது 1814இல். ஒட்டுவதற்கு அவகாசம் போதும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் ‘மதங்க சூளாமணி’யில் சேக்ஸ்பியரின் 12 நாடகங்களை எடுத்து, முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்ற நம் நாடகச் சந்திகளால் அளந்து காட்டிவிட்டார். குணங்கள் பத்து என்று அவர் இலக்கம் போடவில்லை. இன்னும் தூரம் போனால் ரொபன் தீவுச் சிறை. அங்கே சோனி வெங்கட்ரத்தினம் என்ற கைதி சேக்ஸ்பியர் தொகுதிக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டி, சமயநூல் என்று சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தார். தோழர்கள் ஆளுக்கொரு பகுதியைத் தெரிந்து கையெழுத்திட்டார்கள். நெல்சன் மண்டேலா 1977 டிசம்பர் 16இல் கையெழுத்துப் போட்டது ‘யூலியஸ் சீசர்’ பக்கத்தில். கலண்டர்த் தாள் உறைக்கும் தீபாவளி அட்டை உறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. உள்ளே கோடு போட்ட காரணம்தான் வேறு. அவர்களில் ஒருவரும் பரீட்சைக்கு வரும் என்று போடவில்லை.

ஆகவே லிற்றரேச்சர் சேர்மாரிடம் கேட்பது சிறிய விஷயம். நோட்ஸ் இருக்கட்டும். பத்துக் குணமும் எட்டுக் குணமும் இருக்கட்டும். நாலு பிள்ளைகளுக்குச் சட்டம் கொடுத்தது போக, மிச்ச முப்பது பேரையும் கூட்டமாக எழும்பி நிற்கச் சொல்லுங்கள்; ஒருவனைச் சின்னாவாக நடுவில் விடுங்கள். அந்தக் காட்சி ஏறக்குறைய நாற்பது வரி. உங்கள் பாடவேளை நாற்பது நிமிடம்.